ஷூட்ஸ் துறவியா?

அன்புள்ள ஐயா,

பதினேழாம் நூற்றாண்டின் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹைன்ரிச் ஷூட்ஸ் பற்றி நீங்கள் போகிறபோக்கில் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய ‘சிறிய ஆன்மிகக் கச்சேரிகள்’ கேட்டேன். பல பாடல்களில் ஒரே ஒரு குரல், பின்னால் ஆர்கன், அவ்வளவுதான். இவ்வளவு எளிமையாக எழுதியவர் துறவு மனம் கொண்டவராகத்தான் இருந்திருப்பார், இல்லையா?

கே.

அன்புள்ள கே.,

துறவெல்லாம் இல்லை. கஜானா காலி.

ஷூட்ஸ் 1609ல் வெனிஸுக்குப் போய் ஜியோவன்னி காப்ரியேலி என்ற இசையமைப்பாளரிடம் படித்தவர். பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் தனித்தனிக் குழுக்களாக நிறுத்தி, ஒன்று பாட இன்னொன்று பதில் சொல்லும் பிரம்மாண்டமான இசை காப்ரியேலியுடையது. ஜெர்மனியில் சாக்சனி ஆட்சியாளரின் டிரெஸ்டன் அரண்மனைக்கு வந்தபின் 1619ல் வெளியிட்ட ‘தாவீதின் சங்கீதங்கள்’ (பைபிளில் உள்ள துதிப்பாடல்களைத்தான் சங்கீதங்கள் என்பார்கள்) அந்த வெனிஸ் பாணியில்தான் இருக்கிறது. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டீர்கள்.

1618ல் தொடங்கிய முப்பதாண்டுப் போரில் சாக்சனியும் சிக்கியதும் அரண்மனை இசைக்குழு கரையத் தொடங்கியது. நீங்கள் கேட்ட தொகுப்புகள் 1636லும் 1639லும் வந்தவை. ஒன்றிலிருந்து ஐந்து பேர் இருந்தால் பாடிவிடலாம். போர்தான் காரணம் என்று முன்னுரையில் அவரே வருத்தப்படுகிறார். முதல் பாடலை மறுபடி கேளுங்கள். என்னை விடுவிக்கச் சீக்கிரம் வாரும் என்று கடவுளைக் கூப்பிடும் 70ஆம் சங்கீதம் அது. ஆர்கன் சேர்ந்தொலிக்கும் சில சுரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்க, குரல் கிட்டத்தட்டப் பேசுகிறது. ஆள் இல்லாத குறையே தெரியாது. ஆனால் அதைச் சாக்காக வைத்து வறுமை கலைக்கு நல்லது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

ஷூட்ஸுக்கும் வந்தது. போர் முடிந்த பிறகும் சம்பளம் ஒழுங்காக வரவில்லை. 1650களின் தொடக்கத்தில் அவர் அரண்மனைக்கு எழுதிய கடிதங்களில், நல்ல பாஸ் குரல் (ஆண்களின் மிகத் தாழ்ந்த குரல்) உள்ள ஒரு பாடகர் துணிமணியை அடகு வைத்துவிட்டு, படுக்கையில்லாமல் வைக்கோலில் படுக்கிறார் என்று முறையிடுகிறார். இந்த வேலைக்குப் பதில் ஒரு சின்ன ஊரில் பாட்டு வாத்தியாராகப் போகலாம் என்றும் புலம்புகிறார். ஓய்வு கேட்டுக் கேட்டு அலுத்தார். 1656ல் ஆட்சியாளர் இறந்தபிறகுதான் அன்றாட வேலையிலிருந்து விடுதலை கிடைத்தது. அப்போது வயது எழுபதைத் தாண்டிவிட்டது.

1660களில் எழுதிய பாடுகளின் இசையில் (இயேசு பட்ட துன்பங்களைச் சொல்லும் இசை) வாத்தியமே கிடையாது என்று நீங்கள் கேட்கலாம். இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் நாட்களில் வாத்தியம் வாசிப்பதில்லை என்பது அப்போது டிரெஸ்டன் அரண்மனை ஆலயத்தின் வழக்கம். அதிலும் துறவைத் தேடவேண்டாம்.

அப்புறம், 1672ல் இறப்பதற்குச் சற்று முன் அவர் முடித்தது 119ஆம் சங்கீதம். மொத்தம் எட்டுக் குரல்கள், இரண்டு குழுக்கள்.