நாலு தீற்றலில் ஒரு சுமோ வீரர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுமோ வீரர்களைக் கறுப்பு மையால் வரைந்த மூன்று படங்களின் பிரதிகளை ஒரு விற்பனைக் கண்காட்சியில் பார்த்தேன். புகைப்படம் இணைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் நாலைந்து தீற்றல்தான், மீதித் தாள் வெறுமை. முகம்கூட இல்லை. கீழே 'பல நூற்றாண்டு ஜென் மரபு' என்று எழுதியிருந்தார்கள். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகன் "இதை நானே போடுவேனே" என்றான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதில் அப்படி என்னதான் இருக்கிறது? ஒன்றை வாங்கி மாட்டலாமா என்றும் யோசனை.

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் அந்த ஜென் வாசகத்தைத் தள்ளிவிடுங்கள். மை ஓவியம் சீனத்திலிருந்து வந்து ஜப்பானில் வேரூன்றியதில் ஜென் என்ற பௌத்தப் பிரிவின் துறவிகளுக்குப் பெரும் பங்கு உண்டு, உண்மைதான். ஆனால் சுமோ, ஜப்பானின் பூர்வீக மதமான ஷிண்டோவின் சடங்குகளோடு வளர்ந்தது. மோதுவதற்கு முன் களத்தில் உப்பை அள்ளி வீசுவதும், மேலே ஷிண்டோ கோயில் கூரை தொங்குவதும் அந்த வழியில் வந்தவை. இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் போட்டு ஜென் என்று எழுதினால் விலை கூடும்.

எடோ காலத்து (1603–1868) ஜப்பானிய மக்கள் காசு கொடுத்து வாங்கிய சுமோ படங்கள் பெரும்பாலும் மரப்பலகையில் செதுக்கி அச்சிட்ட வண்ணப் படங்கள். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஓவியர் கட்சுகவா ஷுன்ஷோவும் அவருடைய மாணவர் ஷுன்எய்யும் இன்ன வீரர் என்று முகம் பார்த்தே சொல்லும்படி வரைந்தார்கள். பக்கத்தில் பெயரும் இருக்கும். நம் சினிமா சுவரொட்டிபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். முகமில்லாத உங்கள் வீரர்களுக்கு அதில் பூர்வீகம் தேட முடியாது.

வேறோர் இடத்தில் தேடலாம். கியோட்டோவின் கோசான்ஜி கோயிலுக்குச் சொந்தமான 'சோஜு கிகா' சுருளோவியங்கள் 12, 13ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. முதல் சுருளில் ஒரு தவளையும் முயலும் சுமோ பிடிக்கின்றன. வண்ணம் கிடையாது, வெறும் மைதான். கட்டிப் பிடித்த நிலையிலேயே தவளை முயலின் காதைக் கடிக்கிறது. அப்படியே இடப்பக்கம் நகர்ந்தால் முயல் மல்லாக்க விழுந்து கிடக்கிறது. ஜெயித்த தவளையின் வாயிலிருந்து சில மெல்லிய கோடுகள் பீறிடுகின்றன. மூச்சு! பக்கத்தில் மற்றத் தவளைகள் உருண்டு புரண்டு சிரிக்கின்றன. எண்ணூறு வருடத்துக்கு முந்தைய இந்தக் குறும்பைப் பார்த்த பிறகு, தியான பாவனையில் விற்கப்படும் சுமோ படங்கள் எனக்குக் கொஞ்சம் அசடு வழிவதாகவே தோன்றுகிறது.

சரி, நாலு தீற்றலில் என்ன பார்ப்பது? பாதத்தைப் பாருங்கள். சுமோ களம் 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டம். அதற்கு வெளியே முதலில் மிதித்தவர் தோற்றார். மோதல் தொடங்கியபின் உள்ளங்கால் தவிர உடம்பில் வேறு எது முதலில் தரையில் பட்டாலும் தோல்விதான், விரல் நுனியானாலும் சரி. அதனால்தான் பாதத்தை மண்ணைவிட்டு எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து நகரப் பழகுகிறார்கள். 150 கிலோவைத் தாண்டிய உடம்பின் பாரம் முழுக்க அங்கே இறங்குகிறது. தொந்தியை எத்தனை பெரிதாக வரைந்தாலும் பாதம் மண்ணைப் பிடிக்கவில்லையென்றால் வீரர் மிதப்பார்.

அடுத்தது முதுகு. தூரிகையை வெளிர் மையில் நனைத்து, ஒரு ஓரத்துக்கு மட்டும் அடர் மை கொடுத்து, படுக்கவைத்து ஒரே இழுப்பாக இழுத்தால் தீற்றலின் ஒரு பக்கம் கறுத்து மறுபக்கம் கரைந்துபோகும். அந்தக் கரைகிற பக்கத்தில் சதை திரண்டு நிற்பதாகக் கண் நம்பிவிடுகிறது. பிறகு மவாஷி எனும் இடுப்புக் கச்சைக்கு ஒரு அழுத்தமான கறுப்பு. படத்திலேயே மிக அடர்ந்த இடம் அதுவாக இருக்க வேண்டும். மல்லர்கள் பிடிப்பதும் இழுப்பதும் அந்தக் கச்சையைத்தானே.

உங்கள் மூன்று படங்களில், காலை உயரத் தூக்கி நிற்கும் முதல் படம் வேண்டாம். ஷிகோ எனப்படும் அந்த நிலையைத்தான் எல்லாரும் வரைகிறார்கள். பார்த்ததும் சுமோ என்று தெரிந்துவிடும், பாதி வேலை முடிந்தது. மூன்றாவது வெறும் குண்டு மனிதர் கேலி. இரண்டாவதில் குந்தி, மடக்கிய கை முஷ்டியை மண்ணில் ஊன்றி, பாயப்போகிறவரின் குதிகால் லேசாக எழும்பி, கட்டைவிரல் பக்கம் மை திட்டாகத் தேங்கியிருக்கிறது. வரைந்தவர் அங்கே தூரிகையை ஒரு கணம் நிறுத்தியிருக்கிறார். வாங்குவதானால் அதை வாங்குங்கள்.

மகனை வரைய விடுங்கள். வழவழப்பான நோட்டுத் தாள் வேண்டாம், மை உறிஞ்சும் தாள் கொடுங்கள். தூரிகை தயங்கினால் மை திட்டாகத் தேங்கிவிடும், அழிக்க முடியாது. ஒருவேளை நன்றாகவே போட்டுவிடலாம். குழந்தைகளுக்குத் தயக்கம் குறைவு.

இன்னொன்று. சுமோ உலகத்துக்கே சொந்தமான மைத்தடம் வேண்டுமென்றால் அது 'தெகாதா'. வீரர் உள்ளங்கையில் மை தடவி அட்டையில் பதித்து, பக்கத்தில் தூரிகையால் பெயர் எழுதுவார். மேல் இரண்டு பிரிவு வீரர்கள் மட்டுமே பதிக்கலாம். அச்சிட்ட நகல்களும் விற்கிறார்கள். விலை பேசும் முன் நகலா அசலா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்