மேளமும் எழுத்தும்

கேள்வி: ஹிப்-ஹாப் பாடகர்கள் வாய்க்கு வந்ததை வேகமாகப் பேசுகிறார்கள். ராகம் இல்லை, எழுதி வைத்த பாட்டும் இல்லை. இதைப் போய்க் கறுப்பின மக்களின் கவிதை, அடையாளம் என்று தூக்கிவைத்து எழுதுகிறீர்களே, நியாயமா?

பதில்: நியாயம்தான். ‘வாய்க்கு வந்தது’ என்கிறீர்கள். வாயைத் தவிர வேறு எதை அவர்களுக்கு விட்டுவைத்தார்கள்? 1739-இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்டோனோ ஆற்றருகே அடிமைகள் கிளர்ந்தெழுந்து மேளம் கொட்டிக்கொண்டு நடந்தார்கள். மறு வருடமே சட்டம் வந்தது. அடிமைகள் மேளமோ கொம்போ வைத்திருக்கக் கூடாது. அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தால் அபராதம். மேளத்தையும் எழுத்தையும் ஒரே சட்டம் பிடுங்கிக்கொண்டது. தாளம் கைதட்டலுக்கும் காலுக்கும் இறங்கியது. பாட்டு நினைவில் தங்கியது.

அப்புறம் 1973 ஆகஸ்ட் 11-க்கு வாருங்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்ஜ்விக் அவென்யூ, 1520-ஆம் எண் அடுக்குமாடி. பள்ளி திறக்கும் முன் புதுத்துணிக்குக் காசு சேர்க்க சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு பார்ட்டி வைக்கிறாள். இசைத்தட்டு போடுவது ஜமைக்காவில் பிறந்த அண்ணன் கிளைவ், அதாவது டிஜே கூல் ஹெர்க், வயது 18. இப்படிப்பட்ட பார்ட்டிகளில் அவர் ஒன்றைக் கவனித்தார்: பாட்டு நின்று டிரம்ஸ் மட்டும் ஒலிக்கும் அந்தச் சில நொடிகளுக்காகத்தான் ஆடுபவர்கள் காத்திருக்கிறார்கள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை எடுத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றதில் தொடங்கவைத்தார். சில நொடி, பல நிமிடமானது. அவர் நீட்டியது மேளத்தைத்தான், கவனித்தீர்களா? அதன்மேல்தான் பேச்சு ஏறியது.

அதற்கும் முன்பே, 1968 மே 19, கறுப்பின உரிமைத் தலைவர் மால்கம் எக்ஸ் பிறந்தநாளன்று, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிப் பூங்காவில் ‘லாஸ்ட் பொயட்ஸ்’ குழு கவிதை சொல்லத் தொடங்கியிருந்தது. காங்கா மேளத்தோடு சேர்த்துத்தான் அவர்கள் கவிதையைச் சொன்னார்கள்.

எழுதுவதில்லை என்பதும் தவறு. நோட்டு நோட்டாக எழுதிய பிறகே ஒலிப்பதிவுக்குப் போகிறவர்கள் ஏராளம். 2018-இல் ஹிப்-ஹாப் பாடகர் கெண்ட்ரிக் லாமருக்குப் புலிட்சர் பரிசு கிடைத்ததைச் சாட்சிக்கு இழுக்கலாம். எனக்கு அது தேவைப்படவில்லை. தெருமுனையில் ‘சைஃபர்’ என்று வட்டம் கட்டி நிற்பவர்களே போதும். ஒருவர் வாயாலேயே தாளம் போடுவார். முந்தியவர் விட்ட சொல்லைப் பிடித்து, எதிரே நிற்பவரின் சட்டையையோ கடந்துபோன பேருந்தையோ இயைபு தவறாமல் அடிக்குள் கொண்டுவர வேண்டும். வருடக்கணக்கில் பழகியிருந்தால்தான் அது நொடியில் வரும். தடுமாறினால் வட்டம் காத்திருக்காது, அடுத்தவர் பிடித்துக்கொள்வார்.