தாதாசாகேப் பால்கே விருது எந்தப் படத்துக்காகத் தரப்படுகிறது?

எந்த ஒரு படத்துக்காகவும் அல்ல. இந்தியத் திரையுலகில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் செய்த பணிக்காக ஒன்றிய அரசு வழங்குவது இது. 1969-ஆம் ஆண்டுக்கான முதல் விருதைப் பெற்றவர் நடிகை தேவிகா ராணி. தங்கத் தாமரையும் சால்வையும் பணமுடிப்பும் உண்டு. ஆண்டுக் கணக்கில்தான் பலர் குழம்புகிறார்கள்: 2019-ஆம் ஆண்டுக்கான விருது ரஜினிகாந்தின் கைக்கு வந்தது 2021 அக்டோபரில்.

நெல்லைச் சீமைக்காரனான எனக்கு 1996-ஆம் ஆண்டு விருதுதான் நெஞ்சுக்கு நெருக்கமானது. அதைப் பெற்ற சிவாஜி கணேசன், கட்டபொம்மனாகத் திரையில் முழங்கியதோடு நிற்கவில்லை. 1799-இல் அந்த வீரர் தூக்கிலிடப்பட்ட கயத்தாற்றில் தம் சொந்தச் செலவில் அவருக்குச் சிலையும் எழுப்பினார். எவ்வளவு பெரிய மனம்! கயத்தாறு வழியாகப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் என் கண்கள் அந்தச் சிலையைத்தான் தேடுகின்றன.