ஸ்டூல் இருக்கிறது, உட்கார முடியவில்லை: சங்கம் உதவுமா?

ஜவுளிக்கடையில் விற்பனைப் பணியில் இருக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "எங்கள் கடையில் 180 பேர் வேலை செய்கிறோம். தளத்துக்கு இரண்டு ஸ்டூல் போட்டிருக்கிறார்கள். ஆனால் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுகிறார். ஏழு பேர் இருந்தால் சங்கம் தொடங்கலாமா? வேலை போய்விடுமா?"

நீங்கள் கேட்பது சலுகை அன்று. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-அ பிரிவு, வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் ஊழியர்கள் உட்காருவதற்கு ஏற்ற இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. கேரளம் 2018இலேயே இத்தகைய திருத்தத்தைக் கொண்டுவந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள். தையல் தொழிலாளியான விஜி முன்னின்று உருவாக்கிய 'பெண்கூட்டு', முதலில் கேட்டது கழிப்பறை. தண்ணீர் குடிக்கவே அஞ்சி நாளைக் கழித்த அந்தப் பெண்கள், பிறகுதான் உட்காரும் உரிமைக்குப் போராடினார்கள். வெவ்வேறு கடைகளில் வேலை செய்தவர்கள் ஒன்றுகூடியதுதான் அவர்களுடைய பலம் என்று நான் கருதுகிறேன்.

இனி எண்ணிக்கை. பதிவு விண்ணப்பத்தில் கையெழுத்திட ஏழு பேர் போதும். ஆனால் அந்த நாளில் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இவற்றில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்தில் 2001இல் புகுந்த இந்த நிபந்தனை, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பிலும் தொடர்கிறது. உங்கள் கடைக்குக் கணக்கு 18 பேர். அத்தோடு நிற்காமல் நாற்பது, ஐம்பது பேரையாவது சேர்த்த பிறகே விண்ணப்பியுங்கள். சிறிய குழுவென்றால் இரண்டு பேரை நீக்கினாலே மற்றவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். அத்தனை பேர் சேராவிட்டால், உங்கள் பகுதியில் கடை ஊழியர்களுக்கென்று ஏற்கெனவே பதிவான சங்கத்தில் உறுப்பினராகலாம்.

வேலை பற்றிய அச்சம் நியாயமானதே. சங்கத்தில் சேர்ந்ததற்காக மிரட்டுவதும் நீக்குவதும் சட்டப்படி நியாயமற்ற தொழிலாளர் நடைமுறை. மேலும் கடைகள் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரைத் தக்க காரணமின்றி நீக்க முடியாது. முறையான விசாரணையில் நிரூபிக்கப்பட்ட ஒழுங்கீனம் தவிர மற்றவற்றில், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கு ஈடான ஊதியமோ தர வேண்டும். நீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடும் செய்யலாம். ஆனால் வழக்கு இழுத்தடிக்கக்கூடும், அதுவரை வீட்டுச் செலவு காத்திருக்காது. ஆகவேதான் எண்ணிக்கையை இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

பணி நியமனக் கடிதம் பல கடைகளில் தரப்படுவதே இல்லை. ஆகவே அடையாள அட்டை, சம்பளச் சீட்டு, இ.எஸ்.ஐ. மற்றும் பி.எஃப். எண்கள், சம்பளம் வரவான வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றின் நகலை இப்போதே வீட்டில் பத்திரப்படுத்துங்கள். இருக்கை பற்றிய புகாரைச் சங்கம் பதிவாகும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. எந்தத் தேதியில், எந்தத் தளத்தில், யார் எழுப்பிவிட்டார் என்று குறித்து, பலர் கையெழுத்திட்டு, மாவட்டத் தொழிலாளர் உதவி ஆணையரிடம் (அமலாக்கம்) கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.