டீச்சரைக் கேளுங்க: வியன்னாவிலிருந்து வரும் ஆய்வாளர்கள்

கேள்வி: டீச்சர், நான் உங்ககிட்ட பிளஸ் டூ படிச்சவன். ஈரான் அணு ஆய்வாளர்களை உள்ளே விடலைன்னு டிவியில ஓயாம சொல்றாங்க. உள்ளே விட்டா அப்படி என்னதான் பார்ப்பாங்க? வெடிகுண்டைத் தேடுவாங்களா?
- பழைய மாணவன், வியாசர்பாடி

பதில்: குண்டைத் தேட மாட்டார்கள் தம்பி, கணக்குப் பார்ப்பார்கள். ரேஷன் கடைக்கு வரும் அதிகாரி பதிவேட்டையும் மூட்டையையும் ஒத்துப் பார்ப்பாரே, அடிப்படை வேலை அதுதான். எவ்வளவு யுரேனியம் வந்தது, எவ்வளவு உலைக்குள் போனது, மீதி எங்கே? புளூட்டோனியம் என்றால் 8 கிலோ, உயர்செறிவு யுரேனியம் என்றால் அதிலுள்ள யுரேனியம்-235 (எளிதில் பிளவுபடும் வகை) மட்டும் 25 கிலோ. இவ்வளவு காணாமல் போனால் ஒரு குண்டு செய்திருக்க வாய்ப்புண்டு என்பது இந்த ஆய்வாளர்களை வியன்னாவிலிருந்து அனுப்பும் சர்வதேச அணுசக்தி முகமை வைத்திருக்கும் அளவுகோல்.

ஆய்வாளர் ஊருக்குப் போனபிறகு யார் காவல்? கேமராவும் சீலும். உள்ளங்கையில் அடங்கும் அந்த உலோக சீலின் உட்புறத்தில் தாறுமாறாகக் கீறல் போட்டு, முன்பே படம் எடுத்து வைத்திருப்பார்கள். பிறகு கழற்றி வியன்னாவுக்குக் கொண்டுபோய் அந்தப் படத்தோடு ஒப்பிடுவார்கள். மாற்று சீல் போட்டிருந்தால் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

எனக்குப் பிடித்தது துணி விவகாரம். சுவரையும் மேஜையையும் சின்னப் பருத்தித் துணியால் துடைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். 1992-ல் வடகொரியா, ‘எரிந்த எரிபொருளிலிருந்து ஒரே ஒரு தடவைதான் புளூட்டோனியம் பிரித்தோம், அதுவும் 90 கிராம் அளவுக்கு’ என்று எழுதிக் கொடுத்தது. துடைத்தெடுத்த தூசி வேறு கதை சொன்னது. புளூட்டோனியம்-241 சிதைந்து அமெரிசியம் என்ற வேறு தனிமமாக மாறும் என்று வகுப்பில் நடத்தினேனே, ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு அமெரிசியம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், பிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தெரிந்துவிடும். ஒரு தடவை அல்ல, பல தடவை பிரித்திருக்கிறார்கள் என்று வெளியே வந்தது. அரை ஆயுட்காலக் கணக்கு வாழ்க்கையில் எதற்கு உதவும் என்று கடைசி பெஞ்சிலிருந்து கேட்டவர்களுக்கும் இந்த பதில் போய்ச் சேரட்டும்.

இனி ஈரான். 2022-ல் முகமையின் 27 கேமராக்களைக் கழற்றினார்கள். 2025 ஜூனில் இஸ்ரேலும் அமெரிக்காவும் குண்டு வீசியபோது, 60 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் சுமார் 440 கிலோ அவர்களிடம் இருந்தது என்பது முகமையின் மதிப்பீடு. ஒரு குண்டுக்கு யுரேனியம்-235 மட்டும் 25 கிலோ என்றேனே, அந்த 25-ஐ 0.6-ஆல் வகுத்துப் பார். ஏறக்குறைய 42 கிலோ வரும். மேலும் செறிவூட்டினால் 440 கிலோ எத்தனை குண்டுக்குச் சமம் என்பதை நீயே போட்டுக்கொள். ஜூலையில் முகமையோடு ஒத்துழைப்பதை நிறுத்தச் சட்டம் போட்டார்கள், ஆய்வாளர்கள் வியன்னா திரும்பினார்கள். முகமையிடம் போலீசும் கிடையாது, பட்டாளமும் கிடையாது. ‘விடவில்லை’ என்று உறுப்பு நாடுகளின் பிரதிநிதிகள் அமர்ந்த தன் ஆளுநர் குழுவுக்கு அறிக்கை எழுதலாம், அது ஐ.நா. பாதுகாப்பு சபைக்குப் போகலாம், அவ்வளவுதான். அடி வாங்கிய நாடு கோபப்படுவது எனக்குப் புரிகிறது. ஆனால் கேமரா ஓடாத மாதங்களில் நடந்ததைப் பிற்பாடு யார் நினைத்தாலும் படம் பிடிக்க முடியாது. அந்த இடைவெளியை ஈரானே நாளைக்கு நிரப்ப நினைத்தாலும் சிரமம்தான்.

மனசு வைத்தால் எப்படி நடக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா இருக்கிறது. ஆறு குண்டுகள் செய்து, தாங்களே பிரித்துப் போட்டு, 1993-ல் அதை வெளியே சொல்லி, பழைய பதிவேடுகளைத் திறந்து காட்டினார்கள்.

கேள்வி: பக்கத்திலிருக்கும் கல்பாக்கத்துக்கும் இந்த ஆய்வாளர்கள் வருவார்களா?
- இல்லத்தரசி, திருவான்மியூர்

பதில்: கல்பாக்கத்தின் இரண்டு மின் உலைகளுக்கும் வரமாட்டார்கள், அம்மா. எரிக்கும்போதே புது எரிபொருளையும் உண்டாக்கும் ஈனுலைக்கும் கிடையாது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளுக்கு உண்டு. அங்கே எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது, கண்காணிப்போடுதான் வரும். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திடவில்லை. அதனால் 2006-ல் எது சிவில், எது அல்ல என்று நாமே பிரித்தோம். சிவில் பக்கத்துக்கு மட்டும் முகமையோடு தனி ஒப்பந்தம், 2009-ல் நடைமுறைக்கு வந்தது. நம் வீட்டில் எந்த அறையைக் காட்டுவது என்று நாமே முடிவு செய்தோம் என்பதை ஈரானைத் திட்டும்போது கொஞ்சம் நினைவில் வைப்பது நியாயம். அவர்கள் கையெழுத்துப் போட்டவர்கள் என்ற வித்தியாசம் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி: என் மகள் எம்.எஸ்சி. இயற்பியல் முடித்திருக்கிறாள். அவள் இந்த வேலைக்குப் போகலாமா?
- ஒரு அப்பா, கொளத்தூர்

பதில்: தாராளமாக. இயற்பியல், வேதியியல், பொறியியல் படித்து, அணுத்துறையில் அனுபவமும் இருந்தால் முகமைக்கு விண்ணப்பிக்கலாம். ஆண்டில் பல நாள் பெட்டியும் கையுமாகத் திரிய வேண்டியிருக்கும். ஒன்று மட்டும் சொல்லி வையுங்கள்: குறிப்பிட்ட ஒரு ஆய்வாளரை ‘இவர் வேண்டாம்’ என்று மறுக்க நாடுகளுக்கு உரிமை உண்டு. 2023-ல் ஈரான் அனுபவசாலிகள் சிலரை அப்படித்தான் ஒதுக்கியது. அந்தப் பட்டியலில் பெயர் வந்தால் வேலை போகாது, வேறு நாட்டுக்கு அனுப்புவார்கள்.