டெக்கார்ட் இல்லாத நகரம்

அன்புள்ள ஐயா,

'பிளேட் ரன்னர்' நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம். அதன் தொடர்ச்சியான 'பிளேட் ரன்னர் 2019' காமிக்ஸின் முதல் தொகுதியை ஆசையாக வாங்கினேன். படத்தின் நாயகன் டெக்கார்டைக் காணோம். பக்கத்துக்குப் பக்கம் கதாநாயகி மனதுக்குள் பேசிக்கொண்டே இருக்கிறாள். படத்தின் மௌனம் எங்கே போயிற்று? நிறைவாக முடிந்த ஒன்றை இழுக்கத்தான் வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

டெக்கார்ட் இல்லாததைத்தான் இந்தத் தொடரின் பெரிய பலமாக நினைக்கிறேன். என்னைப் பொறுத்தவரை, அவர் கதை படத்தின் முடிவில் லிஃப்ட் கதவு மூடியதோடு சரி. தீராமல் கிடப்பது அந்த லாஸ் ஏஞ்சலஸ். காமிக்ஸை எழுதிய மைக்கேல் கிரீனும் மைக் ஜான்சனும் அதே நகரத்தின் வேறொரு தெருவுக்குள் நுழைகிறார்கள். ஒரு பணக்காரரின் காணாமல்போன மனைவியையும் மகளையும் தேடும் வேலை ஆஷ் என்ற போலீஸ்காரியிடம் வருகிறது.

ஆஷை நன்றாகக் கவனியுங்கள். ரெப்ளிகன்ட்களை, அதாவது மனிதரைப் போலவே செய்யப்பட்ட செயற்கை மனிதர்களை, தேடிக் கொல்வதுதான் அவள் தொழில். ஆனால் முதுகெலும்போடு இணைத்த ஒரு கருவி இல்லாவிட்டால் அவளால் நடமாட முடியாது. அதைக் கோட்டுக்குள் மறைத்துக்கொண்டு திரிகிறாள். மனிதன் யார், எந்திரம் எது என்று படம் சந்தேகப்பட்டவர்களின் கண்ணுக்குள் விளக்கடித்துக் கேட்ட கேள்வியை, இவர்கள் வேட்டையாடுபவளின் முதுகிலேயே வைத்துவிட்டார்கள். இதைப் போய் இழுவை என்று எப்படிச் சொல்வது?

மனக்குரல் பற்றி. 1982இல் வெளியான படத்திலும் டெக்கார்டின் குரல் பின்னணியில் பேசியது. 1992 பதிப்பில்தான் அதை நீக்கினார்கள். திரையில் குரல் ஓடினால் காட்சியை அது விழுங்கிவிடும். காமிக்ஸில் அந்தத் தொல்லை இல்லை. பெட்டிக்குள் இருக்கும் இரண்டு வரியைப் படித்துவிட்டு, ஆந்த்ரேஸ் கினால்டோ வரைந்த மழைத் தெருவில் நாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். அந்த மௌனம் நம் கையில் இருக்கிறது. சில இடங்களில் படமே சொன்னதைப் பெட்டியும் சொல்கிறது. அங்கே உங்கள் குறை நியாயம்தான்.

அப்புறம், இந்த நகரம் காமிக்ஸுக்கு அந்நியமும் இல்லை. டான் ஓ'பானன் எழுதி மோபியஸ் வரைந்த 'தி லாங் டுமாரோ' 1976இல் 'மெட்டால் யூர்லான்' என்ற பிரெஞ்சு இதழில் வந்தது. அடுக்கடுக்காகக் கீழே இறங்கும் நகரம், அதில் ஒரு துப்பறிவாளன். ரிட்லி ஸ்காட் இயக்கிய 'பிளேட் ரன்னர்' படத்துக்கு அது முக்கியமான தூண்டுதல். மோபியஸ் வேறு யாருமில்லை, நம் லயன்-முத்து காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடும் கேப்டன் டைகரை வரைந்த ழான் ஜிரோதான். பக்கத்திலிருந்து திரைக்குப் போன நகரம் 2019இல், அதாவது படத்தின் கதை நடக்கும் அதே ஆண்டில், பக்கத்துக்கே திரும்பி வந்தது. எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி.

மொத்தம் 12 இதழ்கள். முதல் 4 முடிந்ததும் கதை 2026க்குத் தாவி, பூமியை விட்டே கிளம்புகிறது. படத்தில் வேற்றுக்கிரகக் குடியிருப்புகளைப் பற்றி, வானில் மிதக்கும் விளம்பரக் கப்பலின் வாய்ப்பந்தல்தான் நம் காதில் விழும். ஒருவர்கூட நம்மை அங்கே கூட்டிப்போகவில்லை. ஆஷும் அந்தச் சிறுமியும் ஒளிந்து வாழ்வது அங்கேதான். இரண்டாம் தொகுதியையும் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள்.