அம்பு இலக்குத் தாங்கிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (கோப்பாய்): பாடசாலைக்கு நாலு மரத்தாங்கி செய்ய வேண்டும். எவ்வளவு மரம் வாங்குவது?

பதில்: மெத்தையின், அதாவது அம்பு தைக்கும் இலக்குத் திண்டின், அளவை எழுதாமல் மரத்தின் அளவைக் கேட்டால் எப்படிச் சொல்வது? 130 செ.மீ. சதுரம், 20 செ.மீ. கனம் என்று எடுத்துக்கொள்கிறேன். வேறென்றால் இந்தக் கணக்குச் சரிவராது.

ஒரு தாங்கிக்கு 3க்கு 2 அங்குலச் சட்டத்தில் முன்கால் இரண்டு, தலா 6½ அடி. பின்கால் ஒன்று, 7 அடி. மூன்றிலும் மேல் நுனியிலிருந்து 3 அங்குலம் விட்டுத் துளையிடுங்கள். பின்காலை நடுவில் வைத்து, 7½ அங்குல நீளமான அரை அங்குலப் போல்ற் ஒன்றைப் பக்கவாட்டில் செலுத்துங்கள். துளை போல்ற்றைவிடச் சற்றுப் பெரிதாக, ⅝ அங்குலம் இருக்கட்டும். இறுக்கமாகத் துளைத்தால் கால்கள் விரியாது, விரித்தால் மரம் வெடிக்கும்.

முன்கால்களின் அடிகள் 4 அடி இடைவெளியில் நிற்க, பின்கால் அந்தக் கோட்டிலிருந்து 4½ அடிக்குச் சற்று மேல் பின்னால் ஊன்றும். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் 4 அடிக் குறுக்குச் சட்டம், அதன்மேல் மெத்தை குந்த 8 அங்குல அகலப் பலகை, பலகைக்குக் கீழே இரண்டு முக்கோணக் கட்டைகள். நாலரை அடி உயரத்தில் இன்னொரு குறுக்குச் சட்டம், 3 அடி. தாங்கி சரிந்து நிற்பதால் பலகையின் முன்விளிம்பு 4 செ.மீ. அளவில் உயரும். அதையும் சேர்த்தால் இலக்கின் நடு தரையிலிருந்து 130 செ.மீ.க்குக் கிட்ட வரும். வில்வித்தைப் போட்டி விதி கேட்பதும் அதே 130தான், அனுமதிப்பது 5 செ.மீ. கூடக்குறைய, ஆகவே பயமில்லை. நாலு தாங்கிக்கும் சட்டம் 110 அடி, கழிவோடு 120 அடி. பலகை 16 அடி.

கேள்வி (சாவகச்சேரி): வீட்டில் பழைய பனஞ்சட்டம் கிடக்கிறது. பாவிக்கலாமா?

பதில்: ஓரிடத்தில் நிரந்தரமாக நிற்பதென்றால் பாவியுங்கள். தூக்கித் திரிவதற்கு வேண்டாம். மேலே சொன்ன அளவில் பனை 30 கிலோவைத் தாண்டும், மலைவேம்பு 15 கிலோ அளவில் நிற்கும். மலைவேம்பு மெது மரம், போல்ற் தலையும் நட்டும் உள்ளே அமிழும். இரண்டு பக்கமும் அகலமான வாசர் போடுங்கள்.

கேள்வி (மானிப்பாய்): போல்ற்றெல்லாம் வீண்செலவு. 4 அங்குல ஆணியை இறுக்கி அடித்துவிட்டால் காணாதா?

பதில்: காணாது. இந்தக் கேள்வி வராத மாதமில்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒவ்வொரு அம்பும் மெத்தையில் நிற்கும்போது தாங்கி ஒருமுறை அதிர்கிறது. அம்பைப் பிடுங்கும்போது மெத்தை முன்னுக்கு இழுபடுகிறது. ஒரு பயிற்சி நாளில் இது நூற்றுக்கணக்கான தடவை நடக்கும். ஆணி தன் துளையைத் தானே பெருப்பித்துக் கழன்றுவரும். பிறகு பக்கத்தில் இன்னொன்று அடிப்பீர்கள், சட்டம் வெடிக்கும். லொறியில் ஏற்றக் கழற்றவும் முடியாது. கழற்றிப் பூட்டத்தானே தாங்கியை மரத்தில் செய்கிறோம்?

அதைவிடப் பெரிய விஷயம், ஆணியின் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது. அநேகமாக எய்பவரைத்தான் பார்க்கும். மெத்தைக்குக் கீழே தெரியும் இரண்டு அடிக் காலில் பழகுபவர்களின் அம்பு படாமல் இராது. மரத்தில் பட்டால் குத்தி நிற்கும், அல்லது முறியும். இரும்பில் பட்டால் திசை மாறித் தெறிக்கும். அலுமினிய அம்பு வளைந்தால் கண்ணுக்குத் தெரியும். காபன் அம்பு மயிரிழையாக வெடித்திருந்தால் தெரியாது. அதையே திரும்ப நாணில் ஏற்றி விடும்போது உடைந்து, சிம்பு வில் பிடித்த கையில் ஏறும். பிள்ளையின் கை அது. தாங்கியில் பட்ட எந்தக் காபன் அம்பையும் மெல்ல வளைத்து, காதருகே பிடித்து, நொறுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். சந்தேகமென்றால் எறிந்துவிடுங்கள்.

ஆகவே முன்பக்கத்தில் இரும்பு வேண்டாம். குறுக்குச் சட்டங்களுக்கு ⅜ அங்குலப் போல்ற் போட்டு, நட்டைப் பின்பக்கம் வையுங்கள். தலை முன்னால் வருமிடத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் குடைந்து தலையைப் புதைத்து, மேலே மரக்கட்டையால் அடையுங்கள். வெளியில் தெரியும் காலுக்குப் பழைய சாக்கை நாலைந்து மடிப்பாகச் சுற்றிக் கட்டுங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): சோளகக் (தென்மேற்குக்) காற்றுக்குத் தாங்கி முகங்குப்புற விழுகிறது. முன்கால்களை இன்னும் அகட்டலாமா?

பதில்: அகட்டினால் பக்கவாட்டில் விழாது, முன்னுக்கு விழுவது விழும். பின்காலில் பாரம் வேண்டும். உரப்பையில் அரைவாசிக்கு மண் நிரப்பினால் 25 கிலோவாவது வரும். அதைப் பின்காலின் அடியோடு சேர்த்துக் கட்டுங்கள், சும்மா சாத்தி வைக்காதீர்கள். மெத்தையையும் தாங்கியோடு கயிற்றால் கட்டுங்கள். முளை அடிக்கப் பார்ப்பீர்கள், பல இடங்களில் ஒரு சாணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் தட்டும். மண்பைதான் நம்பிக்கை.

சோளகத்துக்கு முகங்குப்புற விழுகிறதென்றால் காற்று மெத்தையின் முதுகில் அடிக்கிறது. அப்படியானால் நீங்கள் தென்மேற்கு நோக்கி எய்கிறீர்கள், பின்னேர வெயிலும் கண்ணில் அடிக்கும். வரிசையை வடக்கு நோக்கித் திருப்புங்கள். பிறகு வாடைக்காற்று முதுகில் அடிக்கும், எனவே மண்பையை எறிந்துவிடாதீர்கள்.

கேள்வி (சுன்னாகம்): மெத்தை எவ்வளவு சரிந்திருக்க வேண்டும்?

பதில்: வெளி மைதானத்தில் 10 முதல் 15 பாகை. மெத்தையின் பின்பக்க மேல் விளிம்பிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். 4 அடி கீழே நூலுக்கும் மெத்தைக்கும் இடையில் 10 அங்குலம் இருந்தால் சரி. பின்காலை முன்பின் நகர்த்திச் சரிபார்த்து, முன் குறுக்குச் சட்டத்துக்கும் பின்காலுக்கும் இடையில் கயிறு கட்டி அந்த அளவைப் பூட்டிவிடுங்கள்.

கேள்வி (நல்லூர்): இலக்குக்குப் பின்னால் கிடுகுவேலி இருக்கிறது. போதும்தானே?

பதில்: போதாது. அம்பு கிடுகைத் துளைத்து ஒழுங்கைக்குப் போகும். மண்மேடு அல்லது ஆள் நடமாட்டமே இல்லாத நீண்ட வெளி வேண்டும். இரண்டும் இல்லாவிட்டால் அந்த வளவில் எய்யாதீர்கள்.

கேள்வி (கொக்குவில்): இதே தாங்கியைக் காற்றுத் துப்பாக்கிக்கும் பாவிக்கலாமா?

பதில்: கூடாது. 10 மீற்றர் போட்டியில் இலக்கின் நடு 1.4 மீற்றர் உயரத்தில் இருக்க வேண்டும், பின்னால் ஈயக்குண்டைப் பிடிக்கும் உலோகப் பெட்டியும் வேண்டும். அது வேறு வேலை.

கேள்வி (ஊர்காவற்றுறை): போன மாரிக்குப் பிறகு கால்கள் உக்கி, கறையானும் ஏறிவிட்டது. எந்தப் பெயின்ற் நல்லது?

பதில்: மாரி முழுக்க வெளியில் விட்டிருக்கிறீர்கள். அதற்குப் பெயின்ற் என்ன செய்யும்? கழற்றக்கூடிய தாங்கியைக் கழற்றி, கொட்டிலுக்குள் செங்கல்லின்மேல் படுக்க வையுங்கள். தண்ணீரை உறிஞ்சுவது அறுத்த நுனிதான், எனவே கால் நுனிகளுக்கு இரண்டு மூன்று பூச்சு கொடுங்கள். உக்கிய பகுதியை அறுப்பதென்றால் மூன்று காலையும் ஒரே அளவில் குறையுங்கள், குந்துபலகையை அதே அளவு மேலே ஏற்றுங்கள். 4 அங்குலத்துக்கு மேல் அறுக்க வேண்டியிருந்தால் கால்களைப் புதிதாகப் போடுங்கள். கடற்காற்றுக்குப் போல்ற்றும் பிடித்துக்கொள்ளும். நாகம் (துத்தநாகம்) பூசியதாக வாங்கி, கழற்றும்போதெல்லாம் கிறீஸ் தடவுங்கள்.